கையில் வைத்திருந்த சீட்டு

இந்த நினைவு மலரை வாங்கிப் பிரித்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். எங்கள் நைனா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைந்துவிட்டது. முன்பக்கத்தில் அவர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் எடுத்த அன்று அவர் கழுத்தில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோக்காரர் அதை அழித்துவிட்டு மாலை போட்டிருக்கிறார். ஹெட்போன் இருக்கட்டும் என்று நானும் தம்பியும் சொன்னோம். நினைவு மலரில் அது மரியாதையாக இருக்காது என்று மாமா சொல்லிவிட்டார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும். இந்தக் கட்டுரை ஒன்றை மட்டும் அவரைக் கேட்காமல் எழுதுகிறேன். அதற்காக இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நைனாவின் மேல் ஒரு பழி இருக்கிறது. இதைப் படிக்கிற சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லியிருப்பீர்கள், மீதிப் பேர் கேட்டிருப்பீர்கள். அந்த வெள்ளத்தின்போது அணையிலிருந்து வந்த செய்தியை நேரத்துக்கு அனுப்பாமல் விட்டார், அதனால் பெற்ற மகனையே ஆற்றில் விட்டார் என்பதுதான் அந்தப் பழி. அது பொய். யாருடைய தவறு என்பது நைனாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நைனா பிறந்தது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டித் தெலுங்குப் பக்கம், பிச்சாட்டூர் அணைக்குக் கீழே ஒரு சின்ன ஊரில். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவரைப் பெற்றவர்கள் இருவரும் அந்த அணைக்கு மண் சுமந்தவர்கள். கரையில் தூளி கட்டித் தன்னைப் போட்டிருந்தார்கள் என்று நைனா பெருமையாகச் சொல்வார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. படித்தது எட்டாவது வரை. அதற்குப் பிறகு மாடு மேய்த்தார், கரும்பு வெட்டப் போனார், லாரியில் மூட்டை ஏற்றினார்.

அவருக்கு ஒரே ஒரு அண்ணன். அவர் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போன இடத்தில், ஒரு புயல் மழையில் சுவர் இடிந்து விழுந்து இறந்துபோனார். தந்தி எங்கள் ஊருக்கு வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. நைனா போய்ச் சேர்ந்தபோது கூட வேலை செய்தவர்களே அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. "அண்ணன் செத்துக் கெடக்கறான். நான் இங்க ஜாத்திரைல பொரி துன்னுகினு சுத்திக்கினு இருந்தேன்" என்றார். அந்த நான்கு நாளை அவர் கடைசி வரை மன்னிக்கவில்லை. வீட்டில் யார் பஸ் ஏறினாலும், போய்ச் சேர்ந்த சேதி வரும் வரை அவருக்குச் சோறு இறங்காது. அந்தப் பயம் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

சென்னையில் சில வருடம் ஒரு பேட்டரிக் கடையில் வேலை கற்றுக்கொண்டு வந்து, பிச்சாட்டூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமாக பேட்டரி சார்ஜ் கடை போட்டார். டிராக்டர் பேட்டரி, லாரி பேட்டரி, கல்யாண வீட்டு மைக் செட் பேட்டரி எல்லாம் அவரிடம்தான் வரும். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத சட்டை அவரிடம் ஒன்றே ஒன்று. அதுவும் அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியதால் தப்பியது.

கடைக்கு வந்தவர்களில் ஒருவர் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மூலம்தான் ஹாம் ரேடியோ என்று ஒன்று இருப்பது நைனாவுக்குத் தெரிந்தது. அரசாங்கம் நடத்தும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்கினால், சொந்த வீட்டில் வயர்லெஸ் செட் வைத்துக்கொள்ளலாம். கரண்ட் வேண்டாம், டெலிபோன் வேண்டாம். ஒரு பேட்டரியும் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய செம்புக் கம்பியும் போதும், சென்னையோடும் பெங்களூரோடும் பேசலாம். இதைக் கேட்ட அன்று நைனா கடையை மத்தியானமே மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு எங்கே உட்கார்ந்தாலும் பரீட்சைக்காக விரலால் மோர்ஸ் தந்தி தட்டிப் பழகுவார். சாப்பிடும்போது தட்டில் தட்டுவார். சோறு கேட்கிறார் என்று நினைத்து அம்மா போட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு முறை பரீட்சையில் தோற்று மூன்றாம் முறை தேறினார். செட் பழையது, சென்னை ரிச்சி தெருவில் ஒரு நண்பர் தேடிப் பிடித்துக் கொடுத்தது. கம்பியைக் கட்டப் பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தைக் கேட்டபோது, இது இடியை இழுக்குமா என்று அவர்கள் ஒரு வாரம் யோசித்தார்கள்.

தினமும் காலை ஆறரைக்கு நைனா செட்டை முடுக்குவார். பல ஊர்களில் இப்படி லைசென்ஸ் வாங்கியிருக்கும் ஹாம்கள் அந்த நேரத்துக்கு ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். ஒருவர் பெயர் கூப்பிட, மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்வார்கள். யாராவது பதில் சொல்லவில்லை என்றால் நைனாவுக்கு அன்று காபி குடிக்கும்போதும் அதே நினைப்புதான்.

ரேடியோவின் சட்டதிட்டங்கள் மெதுவாக எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. முதலாவது, யார் எந்தச் செய்தி கொண்டுவந்தாலும் சீட்டில் எழுத வேண்டும். தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்தான் சீட்டு. பேனாவைத் தொட்டதும் முதலில் எழுத வேண்டியது நேரம். பிறகுதான் யாரிடமிருந்து, யாருக்கு, என்ன என்பதெல்லாம். இரண்டாவது, செய்தியைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து "வாங்கிக்கினேன்" என்று சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. அம்மா கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால்கூட நைனா வாசலில் நின்று, "கொத்தமல்லி ஒரு கட்டு, எலுமிச்ச ரெண்டு, வாங்கிக்கினேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். கடைக்குப் போய் எலுமிச்சையை மறந்துவிட்டு வருவது வேறு விஷயம்.

மூன்றாவது, வரிசை. ஒரே நேரத்தில் பல சீட்டு சேர்ந்துவிட்டால் எது முன்னால் போக வேண்டும் என்பதற்கு நைனா ஒரு வரிசை வைத்திருந்தார். "மொதல்ல உசுரு. அப்புறம் ஊரு. அப்புறம் மத்தது. கடைசில நம்மூடு." இதை அவர் யாருக்காகவும் மாற்றியதில்லை.

அது ஊரில் எல்லாரும் கிளம்பிப் போய்க்கொண்டிருந்த காலம். சென்னைப் பக்கம் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் வந்தன. பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் வேலை, கொஞ்சம் தைரியசாலிகளுக்குக் குவைத். வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் இருந்தார்கள். போனவர்களின் வீட்டார் நைனாவின் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த ஊரில் மழையா, அங்கே ஏதோ கலவரமாமே, உங்கள் ரேடியோவில் கேட்டுச் சொல்லுங்கள் என்பார்கள். நானும் தம்பியும் வெளியூர் போன பிறகு எங்களுக்கும் ஒரு நேரம் குறித்தார். ஞாயிறு காலை ஏழு மணி. அப்போதெல்லாம் எஸ்.டி.டி. பூத், பிறகு செல்போன். ஏழு ஐந்து ஆகிவிட்டால் அவர் வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை நான் தூங்கிவிட்டேன். ஒன்பது மணிக்குத் திருவள்ளூரில் என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய நம்பரை நைனா எப்படிப் பிடித்தார் என்று இன்று வரை தெரியாது.

இனி அந்த நாள்.

தம்பி அப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். தடா பக்கம் ஹாஸ்டலில் தங்கியிருந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் திருவள்ளூரில் வாழ்க்கைப்பட்டவள், தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்து மழையில் மாட்டிக்கொண்டேன். மழை ஒரு வாரமாக விடவில்லை. முதலில் கரண்ட் போயிற்று, மறுநாள் செல்போன் டவரும் நின்றது. அது நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் தம்பி பேசினான். லீவு போட்டுவிட்டேன், நாளைக்கு பைக்கில் வந்துவிடுகிறேன் என்றான். வராதே என்று சொல்ல நைனா போனை வாங்குவதற்குள் லைன் போய்விட்டது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் வண்டி எடுத்தானா இல்லையா என்பது தெரியாது.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால், ரேடியோக் கம்பி அறுந்து முற்றத்தில் கிடந்தது. நைனா மழையில் தென்னையில் ஏணி சாய்த்து அதைத் திரும்பக் கட்டினார். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவரையும் மழையையும் சேர்த்துத் திட்டினார். ஏழரைக்குச் செட் உயிர் பெற்றது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வராத ஆளில்லை. கிராம அதிகாரி வி.ஆர்.ஓ. வந்தார், ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தார், அணையில் மதகு பார்க்கும் லஸ்கர் இரண்டு முறை வந்தார். போலீஸ் வயர்லெஸ் அவர்கள் மாவட்டத்துக்குள் பேசும். ஆற்றுத் தண்ணீரோ எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகிறது. அந்தப் பக்கம் நேராகப் பேச நைனாவுக்கு மட்டும்தான் வழி இருந்தது. ஆற்றின் குறுக்கே தரைப்பாலம் இருக்கும் ஊத்துக்கோட்டையில் ஒரு பள்ளி ஆசிரியர், அவரும் ஹாம். போலீஸ் ஸ்டேஷன் அவர் வீட்டுத் தெருவிலேயே இருந்தது.

நைனா பேச, நான் சீட்டு எழுதினேன். அம்மா கதவோரம் நின்றார். தடாவில் நைனாவுக்குத் தெரிந்த ஒரு ஹாம் உண்டு. அவரிடம் கேட்டால் ஹாஸ்டலில் விசாரித்துச் சொல்வார். அதற்கான சீட்டைக் காலையிலேயே எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறை புதுச் சீட்டு வரும்போதும் அது கீழே போய்க்கொண்டே இருந்தது. பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு ஜீப்பு, பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தவர்களுக்கு அரிசி, அணை மட்டம். பத்து மணிக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. தம்பி உயிர் உயிரில்லையா என்று நைனாவிடம் சண்டைக்குப் போனேன்.

"அவன் ஆபத்துல கீறான்னு தெரிஞ்சா அது உசுரு" என்றார். "தெரியாத வரிக்கும் அது நம்ம பயம். பயத்தயெல்லாம் முன்னால அனுப்ப முடியாதும்மா."

அதைச் சொன்னவர், தம்பியின் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அடியில் வைத்தார். எனக்கு அப்போது கோபம்தான் தெரிந்தது, அது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை.

பதினொன்றேகால் வாக்கில் பேட்டரி இறங்கிவிட்டது. கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த லாரி பேட்டரியை மாற்றி மாட்டுவதற்காக நைனா பின்பக்கம் போனார். அந்த நேரத்தில்தான் லஸ்கர் மூன்றாவது முறையாக வந்தார். ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். நடந்து நீந்தி வந்திருக்கிறார். "அக்கா, மதகு கேட்டு எல்லாம் ஏத்திட்டாங்க, பத்தரைக்கே. ஊத்துக்கோட்டைக்குச் சொல்லணுமாம், ஏ.இ. சார் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் திரும்பிப் போனார். நான் எழுதினேன். 11.20. அணை உதவிப் பொறியாளர் ஏ.இ.யிடமிருந்து, ஊத்துக்கோட்டை போலீசுக்கு. எல்லா மதகும் 10.30க்குத் திறந்தாயிற்று, தரைப்பாலத்தை உடனே மூடவும்.

அந்தச் சீட்டுக்கும் அடியில் தம்பியின் சீட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இதை அனுப்புவதற்குள் இன்னொன்று வரும், அதற்குப் பின்னால் இன்னொன்று. இந்தப் பேட்டரியும் போய்விடும், தம்பியைப் பற்றி நாங்கள் கேட்காமலே போய்விடுவோம் என்று தோன்றியது. அம்மா தம்பி வருகிறானா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். லஸ்கர் சொன்னதையும் அவர் காதில் வாங்கவில்லை, நான் செய்ததையும் கவனிக்கவில்லை. அதை அழுத்தமாக எழுதிவிடுகிறேன். அணைச் சீட்டை எடுத்து மேசையில் கிடந்த நோட்டுக்கு அடியில் வைத்தேன்.

நைனா ஈரத் தலையோடு உள்ளே வந்து, வேறு ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

"இல்ல நைனா. நம்ம சீட்டு ஒண்ணுதான் பாக்கி."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அவர் முகத்தில் தெரிந்தது. என் கையிலிருந்து சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினார். தடா நண்பர் உடனே கிடைத்தார். ஹாஸ்டல் போன் செத்துக் கிடக்கிறது, நானே ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், காத்திருங்கள் என்றார். நைனா ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நானும் அந்த நோட்டின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில்கூட எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஊத்துக்கோட்டையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பி வர ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் தடாவிலிருந்து பதில் வந்து, நாங்கள் கேட்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். என் பயம் அப்படிப்பட்டது. அதற்குக் கண்ணும் கிடையாது, கணக்கும் கிடையாது.

பன்னிரண்டு ஐந்துக்குத் தடா பேசியது. பையன் காலை ஒன்பதரைக்கே பைக்கில் கிளம்பிவிட்டான். இவ்வளவுதான் பதில். நைனா அதை அப்படியே திருப்பிச் சொன்னார். அம்மா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நான் நோட்டுக்கு அடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, இது ஒன்று இருக்கிறது என்று நீட்டினேன்.

சீட்டின் தலையில் 11.20 என்று எழுதியிருந்தது. பொய் சொன்னவளுக்கு அதை மாற்றி எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து பழகிய கை, பேனாவைத் தொட்டதும் நேரத்தை எழுதிவிட்டது. நைனா சீட்டைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பி ஊத்துக்கோட்டையைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார். அந்த ஆசிரியர் திருப்பிச் சொல்லி முடித்தபோது மணி பன்னிரண்டு பத்து. ஐம்பது நிமிடம் அது என் கையில் இருந்திருக்கிறது.

தம்பி என்ன செய்திருந்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாகலாபுரம் ரோடு அறுந்துவிட்டதால் அவனால் வீட்டுக்கு வர முடியவில்லை. சத்தியவேட்டில் ஒரு டீக்கடையில் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, சரி, ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூர் போய் அக்கா வீட்டில் படுத்துவிட்டு நாளைக்கு வரலாம் என்று வண்டியைத் திருப்பியிருக்கிறான். ஆசிரியர் ஸ்டேஷனுக்கு ஓடி, அங்கிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் கயிறோடு தரைப்பாலத்துக்கு ஓடியபோது அவன் பாலத்தின் நடுவில் இருந்தான். அதுவரை கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். அவர்கள் கூப்பிட்ட குரல் கேட்டுத் திரும்பியிருக்கிறான், அப்போது அணைத் தண்ணீர் வந்துவிட்டது. பைக் அவன் காலின் மேல் சாய்ந்து முறித்துவிட்டு ஆற்றோடு போயிற்று. பாலத்து ஓரக் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தவனைக் கயிறு போட்டு இழுத்திருக்கிறார்கள்.

நான்கு மணிக்கு ஆசிரியரின் குரல் வந்தது. தம்பியின் பெயரைச் சொன்னார். பிழைத்துவிட்டான், கால் முறிந்திருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். நைனா திருப்பிச் சொல்லத் தொடங்கினார். பெயரைச் சொன்னார், அதற்கு மேல் குரல் வரவில்லை. அந்தப் பக்கம் ஆசிரியர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். நைனா தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து சொன்னார். "வாங்கிக்கினேன்" என்று முடித்துவிட்டு, லாக் புத்தகத்தை எடுத்து அன்றைய எல்லாச் செய்திகளையும் எழுதினார். லாக் என்பது எந்தச் செய்தி எப்போது வந்தது, எப்போது போனது என்று ஹாம்கள் எழுதி வைக்கும் புத்தகம். வந்த நேரம் 11.20, அனுப்பிய நேரம் 12.10 என்று உள்ளபடியே எழுதினார். பக்கத்தில், "தாமதம். ஆபரேட்டரின் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. என் சீட்டும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியில் அந்த ஆசிரியர், இன்னும் கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் பையனை இந்தக் கரையிலேயே நிறுத்தியிருப்போம் என்று வருத்தத்தில் சொன்னார். தம்பியைப் பார்க்க வந்த லஸ்கர், நான் பதினொன்று இருபதுக்கே சொல்லிவிட்டேனே என்றார். இரண்டையும் கேட்ட மாமா, ஏன் இப்படி ஆயிற்று என்று நைனாவிடம் கேட்டார். அப்போது நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. "நான்தான் மாமா, லேட்டு பண்ணிட்டேன்" என்றார் நைனா. மாமா அன்று பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. தெரியாமல் பேசினார், தங்கை பிள்ளை மேல் உள்ள பாசத்தில் பேசினார்.

தம்பியின் கால் ஒன்று கொஞ்சம் குட்டையாகிவிட்டது. தொழிற்சாலை வேலை போயிற்று, நிச்சயமான கல்யாணமும் நின்றது. அம்மா மூன்று மாதம் நைனாவிடம் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். தம்பி சண்டை எதுவும் போடவில்லை. ஆனால் நைனாவின் ரேடியோ அறைக்குள் அவன் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. ஞாயிறு ஏழு மணிக்குப் பேசுவான், நலமா என்பான், வைத்துவிடுவான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் கடைக்குப் போய், எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று நைனாவிடம் அழுதேன். அவர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினார்.

"லைசென்சு எம்பேர்ல கீது. போன செய்திக்கும் நான்தான் பதிலு, போவாத செய்திக்கும் நான்தான் பதிலு" என்றார். பிறகு, "தம்பிகிட்ட சொல்லாத. அவனுக்கு அக்கான்னு நீ ஒருத்திதான் கீற" என்றார்.

எனக்கு அது வசதியாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவர் சொல்லிவிட்டார் என்று சாக்குச் சொல்லி இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். கல்யாண வீட்டில், சீமந்தத்தில், உங்களில் யாராவது நைனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ரேடியோவைப் பற்றிக் குத்திப் பேசும்போது, நான் பந்தி பரிமாறப் போய்விடுவேன். நைனா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் ஆறரை மணி ரேடியோவை அவர் ஒருநாளும் விடவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஐப்பசியிலும் அணை மட்டத்தை எல்லை தாண்டிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் நுரையீரல் கெட்டது. ஆசிட் புகையில் கழித்த காலம் கொஞ்சமா. திருப்பதி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, கரண்ட் போனால் இந்த மிஷினுக்கு பேட்டரி இருக்கிறதா, எத்தனை ஏ.எச்., எவ்வளவு நேரம் தாங்கும் என்று நர்ஸிடம் விசாரித்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, உண்மையாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். திருப்பதியில் இன்வர்ட்டர் கடை வைத்திருக்கும் தம்பி தினமும் சாப்பாடு கொண்டுவந்தான். அவன் போன பிறகு ஒரு சாயங்காலம் நைனா என்னைக் கிட்டே கூப்பிட்டார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"அந்தச் சீட்டு பத்தரமா கீதா?"

இருக்கிறது என்றேன்.

"நான் போனப்பறம் அவன்கிட்ட குடுத்துடு. செய்திய ரொம்ப நாளு கைல வெச்சிக்கினு இருக்கக் கூடாது."

நான் அதைத் திருப்பிச் சொன்னேன். முழுதாகச் சொல்ல வரவில்லை. அவர் அந்த ஆசிரியரைப் போலவே காத்திருந்தார். அதற்கு இரண்டு நாள் கழித்துப் போய்விட்டார். அவர் சொன்னதைச் செய்ய எனக்கு இந்த ஒரு வருடம் ஆகிவிட்டது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அன்று தண்ணீரில் நீந்தி வந்த லஸ்கர் அண்ணனுக்கும், ஓடிய ஆசிரியருக்கும், கயிறு போட்ட இரண்டு கான்ஸ்டபிள்களுக்கும், தடாவில் மழையில் ஸ்கூட்டர் ஓட்டிய நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தென்னை மரத்தை இத்தனை வருடம் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், பேட்டரி பார்த்துவிட்டு வந்த நர்ஸ் பெண்ணுக்கும், நைனா போன மறுநாள் காலை ஆறரைக்கு அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்த ஹாம் நண்பர்களுக்கும் நன்றி. மாமாவுக்கும் நன்றி, இறுதிச் சடங்கு முழுவதையும் தோளில் போட்டுக்கொண்டு நடத்தியவர் அவர்தான். இனி அவர் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், இது வரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "மூணு மாசம் நான் மூஞ்சி குடுக்காம வெச்ச சோத்த துன்னாரே, என்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல" என்றார்.

தம்பிக்கு வியாழக்கிழமை போனில் படித்தேன். அந்த ஐம்பது நிமிடத்தையும் தாண்டி, நன்றி வரை படித்து முடித்தேன். அவன் திருப்பிச் சொல்லவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அவன்தான் வைத்துவிட்டிருந்தான். வெள்ளி போயிற்று, சனி போயிற்று. நைனா போன பிறகும் ஞாயிறு ஏழு மணியை நாங்கள் விடவில்லை. கூப்பிட வேண்டியவன் தம்பி. ஞாயிறு காலை ஆறரைக்கே போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏழு மணி ஆயிற்று, போன் அடிக்கவில்லை. ஏழு பத்து, ஏழு இருபது. வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன். வண்டியில் எங்காவது விழுந்துவிட்டானோ, இல்லை, இனிமேல் கூப்பிடவே மாட்டானோ. எத்தனையோ முறை அவன் நம்பரை எடுத்துவிட்டு வைத்தேன். நான் கூப்பிட எனக்கு வாயில்லை.

ஏழு ஐம்பதுக்குப் போன் அடித்தது.

அவன் ஹலோ சொல்லவில்லை. லஸ்கர் வந்த நேரத்திலிருந்து தொடங்கினான். பதினொன்று இருபது, நோட்டுக்கு அடியில் வைத்தது, நைனா கேட்டது, நான் சொன்ன பொய், பன்னிரண்டு பத்து. ஒன்று விடாமல், நான் படித்த வரிசையிலேயே, நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். "ஆபரேட்டரின் தவறு" என்ற இடத்தில் நின்றான். நான் காத்திருந்தேன். பிறகு மிச்சத்தையும் சொல்லி முடித்தான்.

"வாங்கிக்கினேன்க்கா" என்றான். "டைம் எழுதிக்கோ."